பெரியப்பாவின் ஃபார்வர்டுகளுக்கு என்ன பதில் சொல்வது? (காலநிலை மாற்றம், சோலார், காற்றாலை)

நிழல்தேடி

ஒரு உதவி வேண்டும். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா தினமும் காலையில் ஏதாவது ஒன்றை அனுப்புவார். போன வாரம் மட்டும் மூன்று. "ஒரு எரிமலை வெடித்தால் வரும் புகை, மனிதன் நூறு வருடம் விடும் புகையை விட அதிகம்" என்று ஒன்று. "காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான், அது எப்படி உலகத்தையே சூடாக்கும்?" என்று இன்னொன்று. மூன்றாவது, "சோலார் பேனல் தயாரிக்க ஆகும் மின்சாரத்தை அது ஆயுசுக்கும் திருப்பித் தராது."

மூன்றாவதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "இதெல்லாம் பொய், சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள்" என்று எல்லோர் முன்னாலும் எழுதி, ஒரு சுட்டியையும் போட்டுவிட்டேன். அவர் பதில் எழுதவில்லை. நான்கு நாளாகக் காலை வணக்கம்கூட இல்லை.

எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர் அவர். பின்னம் புரியாமல் நான் அழுதபோது ஒரு தாளை மடித்து மடித்துக் காட்டிப் புரியவைத்தவர். அவரிடம் நான் பேசிய விதம் தப்பு. ஆனால் அவர் அனுப்பியதும் தப்புதானே? யாராவது எனக்கு விளக்குங்கள். சுட்டி வேண்டாம். நான் விளங்கிக்கொண்டு என் வாயால் அவரிடம் சொல்ல வேண்டும்.

பழைய வாத்தியார்

இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். 0.04-லிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது நல்ல கேள்வி. எண்ணும் சரியானது. பெரியப்பாவிடம் பேசும்போது முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள்.

உலர்ந்த காற்றில் நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான் மூன்றும் சேர்ந்து 99.9 சதவீதத்துக்கு மேல். பூமி வெளியே அனுப்பும் வெப்பக் கதிரை, அதாவது அகச்சிவப்புக் கதிரை, இந்த மூன்றும் கிட்டத்தட்டத் தடுப்பதே இல்லை. அந்த வேலையில் அவை இருந்தும் இல்லாத மாதிரிதான். தடுப்பது நீராவி, கரியமில வாயு, மீத்தேன் போன்ற சில வாயுக்கள். ஆகவே மொத்தக் காற்றில் எத்தனை பங்கு என்று பார்ப்பதை விட, தடுக்கிற பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இப்படிக் கற்பனை செய்யுங்கள். நம் தலைக்கு மேல் உள்ள காற்று முழுவதையும் தரையில் இருக்கும் அழுத்தத்துக்கு அமுக்கினால் சுமார் 8 கிலோமீட்டர் உயரம் வரும். அதிலிருந்து ஓசோனை மட்டும் பிரித்துத் தரையில் விரித்தால் சுமார் 3 மில்லிமீட்டர். அந்த 3 மில்லிமீட்டர்தான் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியைத் தடுத்து நம் தோலைக் காக்கிறது. கரியமில வாயுவைப் பிரித்து விரித்தால்? இன்றைய அளவில் 3 மீட்டரைத் தாண்டும், ஒரு வீட்டின் ஒரு தளத்து உயரம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தபோது அது சுமார் இரண்டேகால் மீட்டர். இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அதாவது அந்தப் போர்வையின் மேல் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் நாம் ஏற்றியிருக்கிறோம். 0.04 என்று எழுதினால் சின்னதாகத் தெரிவதும் இதே பொருள்தான்.

இது நேற்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1856-இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி, வெப்பமானி செருகி, வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த உருளை மற்றதை விட அதிகம் சூடானது, ஆறவும் வெகுநேரம் பிடித்தது. 1859-இல் ஜான் டிண்டால் எந்த வாயு வெப்பக் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கருவி வைத்தே அளந்தார். 1896-இல் ஸ்வாந்தே அரீனியஸ், கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார்.

சிறுதுளி

இரண்டு பாட்டில், ஒன்றில் சாதாரணக் காற்று, ஒன்றில் சோடா உப்பும் வினிகரும் கலந்து வரும் கரியமில வாயு, மேலே ஒரு விளக்கு. பெரியப்பா கண் முன்னால் செய்து காட்டிவிடுங்கள். வீடியோக்கள் நிறைய இருக்கின்றன.

பழைய வாத்தியார்

சிறுதுளி, நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தச் சோதனையைத் தயவுசெய்து காட்ட வேண்டாம். நானே பல வருடம் வகுப்பில் காட்டி, பிறகுதான் தெளிந்தேன். கரியமில வாயு காற்றை விடக் கனமானது. பாட்டிலில் அது கீழே தங்கிவிடுவதால் உள்ளே சுழற்சி குறைகிறது. வெப்பமானி ஏறுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், அகச்சிவப்பை உறிஞ்சுவது இல்லை. முடிவு சரி, காரணம் தப்பு. நாளைக்கு விஷயம் தெரிந்த ஒருவர் இதைப் பெரியப்பாவிடம் சொன்னால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் சேர்ந்து விழும்.

செய்து காட்டத்தான் வேண்டும் என்றால் வேறொன்று இருக்கிறது. ஒரு குழாயின் ஒரு முனையில் எரியும் மெழுகுவர்த்தி, மறு முனையில் அகச்சிவப்புக் கேமரா. குழாயில் கரியமில வாயுவை விட விட, கேமராத் திரையில் சுடரின் உருவம் மங்கிக்கொண்டே போய் மறைந்துவிடும். நம் கண்ணுக்குச் சுடர் அப்படியே தெரியும். வாயு எதைத் தடுக்கிறது, எதை விடுகிறது என்பது அந்த ஒரு காட்சியில் விளங்கும்.

சந்தேகி

நான் பெரியப்பா பக்கம் கொஞ்சம் சாய்பவன். சண்டைக்கு வரவில்லை, உண்மையிலேயே கேட்கிறேன். காலநிலை எப்போதும் மாறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, பனியுகங்கள் வந்து போயிருக்கின்றன. அண்டார்டிகா பனியைத் தோண்டி எடுத்த பதிவில் முதலில் வெப்பம் ஏறி, பிறகுதான் கரியமில வாயு ஏறியதாகப் படித்தேன். 1970-களில் இதே விஞ்ஞானிகள் பனியுகம் வரப்போகிறது என்றார்கள். அப்புறம், கரியமில வாயுவை அளக்கும் ஹவாயின் மௌனா லோவா நிலையமே ஒரு எரிமலையின் மேல்தானே இருக்கிறது?

அடிவானம்

வளிமண்டல வேதியியல் படித்தவள், அதனால் எரிமலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உலகிலுள்ள எல்லா எரிமலைகளும், கடலுக்கு அடியில் இருப்பவை உட்பட, ஒரு வருடத்தில் விடும் கரியமில வாயு நாம் விடுவதில் 1 சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. எரிபொருள் எரிப்பதால் மட்டும் ஆண்டுக்கு 3,700 கோடி டன் அளவுக்கு நாம் விடுகிறோம். ஆனால் எண்ணோடு நிறுத்தாதீர்கள். காற்றில் கூடிய கார்பன் நம்முடையது என்று எப்படித் தெரியும் என்பதைச் சொல்லுங்கள்.

நிலக்கரியும் பெட்ரோலியமும் கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்தவை. கார்பன்-14 என்ற கதிரியக்க வகை 5,730 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். ஆகவே புதைபடிவ எரிபொருளில் அது மிச்சமே இல்லை. அப்படிப்பட்ட கார்பன் காற்றில் கலந்தால், காற்றிலுள்ள கார்பன்-14 நீர்த்துப்போக வேண்டும். ஹான்ஸ் சூஸ் என்ற வேதியியலாளர் 1950-களிலேயே மர வளையங்களை ஆராய்ந்து இதைக் காட்டினார். எரிமலைக் கார்பனும் பழையதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் கார்பன்-13 வருகிறது. செடிகள் கனமான கார்பன்-13-ஐ ஒதுக்கி, இலேசான கார்பன்-12-ஐ விரும்பி எடுக்கும். நிலக்கரி பழைய செடி என்பதால் அதிலும் 13 குறைவு. எரிமலைக் கார்பனில் இந்தக் குறை இல்லை. காற்றில் கார்பன்-13-இன் பங்கு வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறது. இன்னொன்றும் உண்டு. எதை எரித்தாலும் ஆக்சிஜன் செலவாகும், எரிமலை வாயு விடுவதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. காற்றில் ஆக்சிஜனும் மிகச் சிறிய அளவில், ஆனால் விடாமல் குறைந்துவருகிறது. நமக்கு மூச்சு முட்டும் அளவுக்கு இல்லை, ஆனால் கருவி பிடிக்கிறது. இப்படி மூன்று தடயம், மூன்றும் எரிபொருளைத்தான் காட்டுகின்றன.

மௌனா லோவாவைப் பற்றி: சார்லஸ் கீலிங் 1958-இல் அங்கே அளக்கத் தொடங்கினார். எரிமலை வாயு கலந்தால் அளவு திடீரென்று எகிறும், அதைக் கழித்துவிடுவார்கள். தென்துருவத்திலும் அளக்கிறார்கள், அங்கும் இதே ஏற்றம்தான்.

எரிமலை பூமியைச் சூடாக்குவதற்குப் பதிலாகக் குளிர்வித்த கதையும் இருக்கிறது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினாடுபோ எரிமலை வெடித்து, கந்தக டை ஆக்சைடை வெகு உயரத்துக்கு அனுப்பியது. அது சூரிய ஒளியை மறைத்துச் சுமார் அரை டிகிரி வரை பூமியைக் குளிர்விக்கும் என்று நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சனின் குழு கணினி மாதிரி வைத்து முன்கூட்டியே சொன்னது. அப்படியே நடந்தது, தூசி அடங்கியதும் வெப்பம் மறுபடி ஏறியது.

பழைய வாத்தியார்

சந்தேகியின் மற்றக் கேள்விகளுக்கு:

பனியுகங்கள் மாறியதற்குப் பூமியின் பாதையிலும் சாய்விலும் நிகழும் மெதுவான மாற்றம் தொடக்கம். அது கடலைக் கொஞ்சம் சூடாக்கும். சூடான கடல் கரியமில வாயுவை வெளியேற்றும். அந்த வாயு மேலும் சூடாக்கும். ஆக வெப்பம் முதலில், வாயு பிறகு என்பது அண்டார்டிகா பதிவில் உண்மைதான். ஆனால் வாயு சூடாக்காது என்று அதற்கு அர்த்தமில்லை, தொடங்கியதை அது பெரிதாக்கியது. இப்போது நாமே வாயுவை முதலில் கொட்டுகிறோம். 8 லட்சம் வருடப் பனிப்பதிவில் அது பத்து லட்சத்தில் 300 பங்கைத் தொட்டதற்கு மேல் போனதே இல்லை.

1970-களில் சில பத்திரிகைகள் பனியுகம் என்று எழுதியது நிஜம். ஆனால் 1965 முதல் 1979 வரை வந்த ஆய்வுக் கட்டுரைகளைப் பிற்பாடு எண்ணிப் பார்த்தபோது குளிரும் என்றவை 7, சூடாகும் என்றவை 44.

சூரியனைப் பற்றி யாராவது கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலும் கீழும் சேர்ந்து சூடாக வேண்டும். கரியமில வாயு காரணம் என்றால் கீழே சூடாகி, மேலடுக்கு குளிர வேண்டும். காலநிலை விஞ்ஞானி சியுகுரோ மனாபேயின் கணக்கு 1967-லேயே இதைச் சொன்னது. செயற்கைக்கோள்கள் பிறகு அளந்து பார்த்தன. மேலடுக்கு குளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2021-இல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது.

மின்கம்பி

சோலார் கேள்வி என்னுடையது. மின்துறையில் வேலை, கிரிட் பக்கம், அதாவது மின்சாரத்தை ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கும் கட்டமைப்பு.

அந்த ஃபார்வர்டு ஒரு காலத்து உண்மையிலிருந்து பிறந்தது. 1954-இல் பெல் ஆய்வகத்தில் வந்த முதல் சிலிக்கான் செல்லின் திறன் சுமார் 6 சதவீதம். செய்வதற்கு ஆன ஆற்றலும் செலவும் மிக அதிகம். இன்றைய பேனல்கள் 20 சதவீதத்துக்கு மேல் தருகின்றன, சிலிக்கான் தகடும் மெலிந்துவிட்டது. தன்னைச் செய்ய ஆன ஆற்றலை ஒரு பேனல் பொதுவாக ஒன்று அல்லது ஒன்றரை வருடத்தில் திருப்பித் தந்துவிடும், வெயில் குறைந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் ஆகலாம். ஆயுள் 25 முதல் 30 வருடம். மிச்சமெல்லாம் லாபக் கணக்கு.

சுரங்கம், தொழிற்சாலை, போக்குவரத்து, இறுதியில் கழிவு வரை எல்லாவற்றையும் சேர்த்து, ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானக் குழுவான ஐபிசிசி 2014-இல் தந்த நடுமதிப்புகள் இவை: ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி சுமார் 820 கிராம் கரியமில வாயு, எரிவாயு 490, சோலார் 40 சொச்சம், அணுமின் 12, கரைக் காற்றாலை 11. சோலார் முழுக்கச் சுத்தம் என்று நான் சொல்லமாட்டேன், 40 சொச்சம் இருக்கத்தான் செய்கிறது. 820-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காற்றாலை பற்றியும் ஒன்று வரும், தயாராக இருங்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடும் குளிரில் மின்சாரம் போனபோது, "உறைந்த காற்றாலைகளால்தான்" என்று ஒரு படம் சுற்றியது. ஹெலிகாப்டர் ஒன்று காற்றாலை இறக்கையில் பனியை நீக்கும் படம். அது பல வருடத்துக்கு முன் ஸ்வீடனில் எடுத்தது. டெக்சாஸில் சில காற்றாலைகள் உறைந்தது உண்மை. ஆனால் நின்றுபோனதில் பெரும்பங்கு எரிவாயு நிலையங்கள். கிணறுகளும் குழாய்களும் உறைந்து எரிவாயுவே வரவில்லை. குளிர் தேசங்களில் அதே காற்றாலைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, குளிருக்கான ஏற்பாட்டோடு.

சந்தேகி

விளக்கத்துக்கு நன்றி, கார்பன்-13 விஷயம் எனக்குப் புதிது. யோசிக்கிறேன். ஆனால் உங்கள் பக்கமும் சிலதை மறைக்கிறது. ராத்திரி சோலார் ஏது? பேட்டரிக்குக் கோபால்ட் தோண்டும் குழந்தைகளைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? பழைய பேனல்கள் எல்லாம் எங்கே போகும்?

மின்கம்பி

மறைக்கக் கூடாது, நீங்கள் கேட்டது நியாயம். ஒவ்வொன்றாக வருகிறேன்.

ராத்திரிப் பிரச்சினை நிஜம். எங்கள் கட்டுப்பாட்டு அறையில் நாளிலேயே கஷ்டமான நேரம் மாலைதான். சூரியன் இறங்கும், அதே சமயம் எல்லா வீட்டிலும் விளக்கு ஏறும். திரையில் சோலார் கோடு கீழே சரியும்போது தேவைக் கோடு மேலே போகும். இரண்டுக்கும் நடுவே திறக்கிற வாயை ஏதாவது ஒன்று நிரப்பியாக வேண்டும். தண்ணீரை மேலே ஏற்றி வைத்து ராத்திரி இறக்கும் நீரேற்று மின்நிலையம் பழைய வழி. காற்று பல இடங்களில் ராத்திரியும் வீசும். இப்போது பேட்டரியும் வந்துவிட்டது. 2010-லிருந்து லித்தியம் பேட்டரியின் விலை சுமார் 90 சதவீதம் விழுந்திருக்கிறது. கலிபோர்னியாவில் 2024 ஏப்ரலில் ஒரு மாலை கொஞ்ச நேரம் வேறு எந்த ஒரு மூலத்தையும் விட அதிக மின்சாரம் தந்தது பேட்டரிதான். இது நான்கைந்து மணி நேரத்துக்கான தீர்வு. வாரக்கணக்கில் வெயிலும் காற்றும் இல்லாத காலத்துக்கு நீண்ட தொலைவுக் கம்பிகள், நீர்மின், அணுமின் எல்லாம் வேண்டும். அந்தக் கடைசிப் பகுதி இன்னும் முடியாத வேலை. முடிந்துவிட்டது என்று சொல்பவரையும் நம்பாதீர்கள்.

கோபால்ட்: காங்கோவில் கைத்தோண்டு சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது உண்மை, கொடுமை. அதைப் பேசாமல் விடக் கூடாது. கிரிட் பேட்டரிகளில் இன்று பெரும்பாலும் இரும்பு-பாஸ்பேட் வகைதான், அதில் கோபால்ட் கிடையாது. பல மின்வண்டிகளிலும் அதுதான். அதற்காகச் சுரங்கப் பிரச்சினை தீர்ந்ததாக ஆகாது, தட்டிக்கேட்க வேண்டியது இருந்துகொண்டே இருக்கும். அதே தராசில் நிலக்கரியையும் வையுங்கள். உலகம் வருடத்துக்கு 800 கோடி டன்னுக்கு மேல் தோண்டுகிறது. எரித்தால் போயிற்று, அடுத்த வருடம் மறுபடி தோண்ட வேண்டும். பேட்டரியில் இருக்கும் உலோகம் பத்துப் பதினைந்து வருடம் கழித்தும் அங்கேயே இருக்கும், திரும்ப எடுக்கலாம். பேனலில் எடைக்குப் பெரும்பகுதி கண்ணாடியும் அலுமினியச் சட்டமும். மறுசுழற்சிக்கு வழி தெரியும், ஆனால் வேண்டிய அளவு ஆலைகள் இன்னும் இல்லை. இப்போதே சட்டம் போட்டுத் தயாரிப்பாளர் தலையில் அந்தப் பொறுப்பைக் கட்ட வேண்டும்.

தீவட்டி

இந்தச் சந்தேகங்கள் எல்லாம் தானாக முளைத்தவை இல்லை என்பதையும் பேச வேண்டும். எனக்கு இதில் கோபமே உண்டு. சிகரெட் கம்பெனி ஒன்றின் 1969-ஆம் ஆண்டு உள் குறிப்பு, சந்தேகம்தான் நம் சரக்கு என்று வெளிப்படையாகவே எழுதியது. புற்றுநோய் வராது என்று நிரூபிக்கத் தேவையில்லை, "இன்னும் முடிவாகவில்லை" என்று மக்கள் நினைத்தால் போதும். எரிபொருள் கம்பெனிகள் அதே பாதையில் போயின. எக்சான் என்ற எண்ணெய்க் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகள் 1977 முதல் போட்ட வெப்பக் கணிப்புகளை 2023-இல் சயின்ஸ் இதழ்க் கட்டுரை ஒன்று ஆராய்ந்தது. பெரும்பாலானவை பிறகு நடந்த வெப்ப உயர்வோடு பொருந்தின. உள்ளே அவ்வளவு தெளிவாகத் தெரிந்தும், வெளியே பல வருடம் சந்தேகத்தை விதைத்தார்கள். அதனால் பெரியப்பா மேல் கோபப்படாதீர்கள். அவர் கையில் வந்து சேர்ந்தது பழைய சரக்கு.

காலைப்பனி

எனக்கு 19 வயது. இதையெல்லாம் படிக்கும்போது நம்பிக்கையே போகிறது. இனிமேல் என்ன செய்தும் பயனில்லை, பூமி முடிந்தது என்று என் நண்பர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

அடிவானம்

தங்கச்சி, "இனிமேல் பயனில்லை" என்பதும் ஒரு பொய்த் தகவல்தான். எரிமலை ஃபார்வர்டு செய்யும் வேலையையே அதுவும் செய்கிறது, இரண்டுமே ஒன்றும் செய்யாமல் உட்காரவைக்கும். கரியமில வாயு விடுவதை நிகரப் பூஜ்ஜியத்துக்கு, அதாவது விடுவதும் திரும்ப எடுப்பதும் சமமாகும் நிலைக்குக் கொண்டுவந்தால், அதனால் ஏறும் வெப்பம் பெருமளவு நின்றுவிடும் என்பதுதான் ஐபிசிசியின் கணிப்பு. ஏறியது சீக்கிரம் இறங்காது, கடல் மட்டம் இன்னும் வெகுகாலம் உயரும். ஆனால் மேலே எவ்வளவு ஏறும் என்பது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன்னிருந்ததை விட 1.5 டிகிரி தாண்டினால் 1.6-இல் நிறுத்தப் போராட வேண்டும், 1.6 தாண்டினால் 1.7-இல். ஒவ்வொரு பத்தில் ஒரு டிகிரிக்கும் எத்தனையோ பேரின் உயிரும் பயிரும் கட்டுப்பட்டிருக்கிறது.

நடந்ததையும் பார். உலகின் முதல் பொது நிலக்கரி மின்நிலையங்களில் ஒன்று 1882-இல் லண்டனில் தொடங்கியது. அதே பிரிட்டன் 2024 செப்டம்பர் 30-இல் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது. டென்மார்க்கின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்று. உலக மின்சாரத்தில் 40 சதவீதத்துக்கு மேல் 2024-இல் கரியமில வாயு குறைந்த வழிகளில் வந்தது. ஓசோன் ஓட்டைக்கு 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டார்கள், அந்த அடுக்கு இப்போது ஆறிவருகிறது. வேகம் போதாதுதான். அதற்காகக் கோபப்படு, கை விடாதே.

பழைய வாத்தியார்

நிழல்தேடிக்கு, பேசும் விதம் பற்றி. குழுவில் பேசாதீர்கள், நேரில் போங்கள் அல்லது ஃபோன் செய்யுங்கள். முதலில் மன்னிப்பு, அதில் "ஆனால்" வேண்டாம். ஒரு நாளில் ஒரு விஷயம் போதும். பொய்யை முதலில் சொல்லி மறுக்கத் தொடங்கினால் பொய்தான் மனதில் நிற்கக்கூடும், அதனால் உண்மையிலிருந்து தொடங்குங்கள். கணக்கு வாத்தியாரிடம் கணக்கையே கொடுங்கள். விடையைச் சொல்லாமல் அவரையே போடவிடுங்கள்.

நிழல்தேடி

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் போய்வந்தேன்.

மன்னிப்புக் கேட்டதும் "விடு, விடு" என்றார், முகம் மட்டும் இளகவில்லை. அப்புறம் ஒரு கணக்குக் கேட்டேன். "பெரியப்பா, ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோதான். அதை எரித்தால் 2.3 கிலோ கரியமில வாயு வருகிறதாம். எப்படி?" உடனே "தப்பு, முக்கால் கிலோவிலிருந்து எப்படி இரண்டு கிலோ வரும்?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே தாள் எடுத்தார். பெட்ரோலின் எடையில் ஏறக்குறைய 86 சதவீதம் கார்பன் என்று மட்டும் சொன்னேன். கார்பன் 12, ஆக்சிஜன் 16, இரண்டு ஆக்சிஜன் 32, மொத்தம் 44 என்று எழுதினார். 12 கிலோ கார்பன் எரிந்தால் 44 கிலோ. முக்கால் கிலோவில் 86 சதவீதம் சுமார் 0.645. அதை 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தார். 2.36. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மிச்ச எடை காற்றிலிருந்து வருகிறது" என்றார்.

எரிமலை பற்றி நான் பேச்செடுக்கவே இல்லை. இன்று காலை வணக்கம் வந்தது. கூடவே எனக்கு மட்டும் தனியாக ஒரு கேள்வி: "ஒரு டன் நிலக்கரிக்கு எவ்வளவு வரும்? அதில் கார்பன் எத்தனை சதவீதம்?" இதற்கு யாராவது சரியான எண் தர முடியுமா? தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

மின்கம்பி

ரகத்துக்கு ரகம் மாறும். நல்ல ரகக் கரியில் 75 சதவீதத்துக்கு மேலும் இருக்கும், மட்டமான பழுப்பு நிலக்கரியில் ஈரமும் சாம்பலும் அதிகம் என்பதால் 30 சதவீதத்துக்குக் கீழேகூட இறங்கும். கணக்குக்கு 60 என்று வைத்துப் போடச் சொல்லுங்கள். 2.2 டன் வந்தால் சரி.